போலீஸ் கேஸ் என்றால் வக்கீலை எப்போது பார்ப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் போலீஸ் கேஸ் என்று வந்துவிட்டால் முதல் போன் கவுன்சிலருக்குப் போகும், அடுத்தது ஸ்டேஷனில் யாரையாவது தெரிந்த மச்சானுக்கு, அப்புறம் ஊர்ப் பெரியவருக்கு. வக்கீலுக்குப் போன் போவது ஆளை ரிமாண்ட் பண்ணி சேலம் ஜெயிலுக்கு வண்டி ஏற்றிய பிறகுதான். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக ஊர் ஊராகப் போகிறவன் என்ற முறையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஏனென்றால் ஒரு வழக்கின் பாதி அந்த முதல் இரண்டு நாளிலேயே எழுதி முடிந்துவிடுகிறது. யார் என்ன சொன்னார்கள், எதில் கையெழுத்துப் போட்டார்கள், ஆஸ்பத்திரியில் என்ன பதிவானது, எல்லாம் அதற்குள் தாளில் ஏறிவிடும். பிறகு எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் அந்தத் தாளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

அதனால் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் வழக்கின் தாள்களைப் படித்துப் பார்க்கும் வக்கீலின் இடத்தை இது நிரப்பாது. அவரை எப்போது தேடிப் போவது என்பதைத்தான் இது சொல்லும்.

முதலில் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் போய், பி.என்.எஸ். (எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்வது), பி.என்.எஸ்.எஸ். (வழக்கு நடைமுறையைச் சொல்வது) என்று புதிய சட்டங்கள் வந்துவிட்டன. ஊரில் இன்னும் "307 போட்டுட்டாங்க" என்றுதான் பேசுகிறோம், எஃப்.ஐ.ஆரில் இருப்பதோ 109, இரண்டும் கொலை முயற்சிதான். கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4). 2024 ஜூலைக்கு முன்னால் நடந்த சம்பவம் என்றால் குற்றப்பிரிவு பழைய எண்ணிலேயே வரும். எண்ணைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன்னால் எந்தச் சட்டத்தின் எண் என்று பாருங்கள்.

ஸ்டேஷனில் இருந்து "ஐயா வரச் சொன்னார்" என்று போன் வந்தால்?

போனில் கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், போனை அணைத்துவிட்டு ஓடி ஒளியவும் செய்யாதீர்கள். எந்த வழக்கு, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா, இல்லை புகார் மனு மட்டும்தானா, என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா அல்லது என் மேல்தான் புகாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் மனு விசாரணை மட்டும் என்றால் அதற்கு சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) எண் இருக்கும். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள்தான் விதிவிலக்கு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேல்தான் புகார் என்றால் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் வக்கீலைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலும் போதும். அரை மணி நேரப் பேச்சுதான். ஆனால் அந்த அரை மணியில், போட்டிருக்கிற பிரிவு ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா, முன்ஜாமீன் போட வேண்டுமா, கையில் என்ன தாள் எடுத்துப் போவது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் உடனே கைது செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன்படி ஆஜராகச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். கைதுதான் செய்ய வேண்டும் என்றால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும், உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதிக்குப் போயே ஆக வேண்டும், போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், அதையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

சாட்சி என்றால் இவ்வளவு கவலை இல்லை. பெண்களையும், 60 வயது தாண்டியவர்களையும், 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். நம் ஊரில் கிழவிகளை ஆட்டோ வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க மரத்தடியில் உட்கார வைத்திருப்பதைப் பார்த்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வரப்புச் சண்டையும் கவுண்டர் கேஸும் (எதிர்த்தரப்பு போடும் எதிர் வழக்கு)

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் மாவட்டங்களில் சாதாரண குடும்பம் கோர்ட் படி ஏறுவது அதிகமாக இதனால்தான். வழித்தடம், பொதுக்கிணற்றுத் தண்ணீர் முறை, வரப்பில் நின்ற புங்கமரம், இப்படி எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் அடித்துக்கொள்வார்கள். அன்று ராத்திரியே ஒரு தரப்பு அரசு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிவிடும். இன்னொரு தரப்பு "நம்ம மேலதான் தப்பில்லையே" என்று வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் படுத்திருந்தவர்கள் ஏ1, ஏ2 (முதல், இரண்டாம் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்கள்), கோயம்புத்தூரில் காலேஜில் இருந்த பையன் ஏ5.

அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார், அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். யார், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்வதை அவர் அப்படியே எழுதுவார். பின்னாளில் சாட்சிக்கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தாளைத்தான். "தெரிந்த இரண்டு பேர் கட்டையால் அடித்தார்கள்" என்று அங்கே சொல்லிவிட்டு, எஃப்.ஐ.ஆரில் ஆறு பேர், அரிவாள் என்று வந்தால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். பிரச்சினை வேண்டாம் என்று நினைத்து "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அப்படிச் சொன்ன பிறகு உங்கள் புகாருக்குப் பாதி பலம் போய்விடும். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் புகாரை ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ல் மனுப் போடலாம். எஸ்.பி.க்கு நீங்களே எழுதலாம், மாஜிஸ்திரேட் மனுவுக்கு வக்கீல் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

எஃப்.ஐ.ஆர். கையில் கிடைத்ததும் பிரிவுகளைப் பாருங்கள். 296(b), 115(2) மட்டும் என்றால் திட்டினது, சாதாரணமாக அடித்தது, ஜாமீனில் விடக்கூடியவை. 118(1) இருந்தால், அதாவது ஆயுதத்தால் காயம், நிலைமை வேறு. புதிய சட்டத்தில் அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. 109 இருந்தால் அன்றைக்கே வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பட்டியலின, பழங்குடி மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு இருந்தாலும் அப்படித்தான், அந்தச் சட்டம் முன்ஜாமீனுக்கே தடை போடுகிறது, புகாரில் முகாந்திரமே இல்லை என்று கோர்ட் கருதினால்தான் விலக்கு. மறுபக்கம், நீங்கள் பாதிக்கப்பட்ட தரப்பு என்றால் எதிரியின் ஜாமீன் மனுவில் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்ற உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் ராஜி. ஸ்டேஷனில் பேசி எழுதிக் கொடுத்ததோடு கேஸ் முடிந்தது என்று நினைத்து வருஷக்கணக்கில் நிம்மதியாக இருந்துவிட்டு, திடீரென்று கோர்ட் சம்மன் வந்து அலறுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் தாள் மட்டும் அதை அழிக்காது. சில பிரிவுகளை அந்தக் கோர்ட்டிலேயே ராஜி பேசி முடிக்கலாம், மற்றவற்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ல் ரத்து மனுப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) முன்னால் 126-ல் (நாம் 107 கேஸ் என்போமே, அதேதான்) அமைதி காப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் அதையும் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள், ஒரு வருஷம் வரை அந்தப் பத்திரம் உங்களைக் கட்டிப்போடும்.

கைது செய்துவிட்டார்கள். இப்போது?

"சும்மா விசாரணைக்குன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க" என்று சொல்லாத குடும்பம் இல்லை. எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப் போனார்கள் என்று அப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். வாசலில், பக்கத்துக் கடையில் சிசிடிவி இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். கைது நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழியும். காலையில் கூட்டிப்போய் மறுநாள் சாயங்காலம் கைது செய்ததாக எழுதினால் உங்கள் தாள்தான் பேசும். முன்பெல்லாம் இதற்குத்தான் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடிப்பார்கள். 2013-ல் தந்தி சேவையே நின்றுபோனது. இப்போது எஸ்.பி. அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்புங்கள், நேரம் அதில் தானாகப் பதிவாகும்.

கைதுக் குறிப்பாணை ஒன்று தயாரிக்க வேண்டும், குடும்பத்தில் ஒருவரோ ஊரில் மதிப்பான ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் கைது என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்கிற ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு, முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது, ஆனால் சந்திக்கலாம். சூரியன் மறைந்த பிறகு விடியும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது, மிகத் தவிர்க்க முடியாத சூழ்நிலையில் பெண் காவலர் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வாங்கித்தான் செய்ய முடியும்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கிற விதி என்று தள்ளிவிடாதீர்கள். நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் சந்தன மரம் தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களுக்குச் செய்ததற்கு, 18 பெண்களுக்குச் செய்த கொடுமை உட்பட, 269 பேர் மேல் வழக்கு நடந்து, இடையில் 54 பேர் இறந்துபோய், மீதி அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி கோர்ட் 2011-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீருடை போட்டவர்களையும் சட்டம் எட்டும் என்று காட்டியது நம் மாவட்டம். ஆனால் 19 வருஷம் ஆனது என்பதையும் மறக்கக் கூடாது.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது, அதைச் சொல்லி எடுத்த பொருள் மட்டும் ஆகும். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. ஆனால் வனத்துறை வழக்கில் இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடையாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்கு மின்வேலி வைத்து யானை செத்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும், 2023-ல் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தபோது விவசாயி கைதானது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டப்படி வனத்துறையின் உயர் அதிகாரி முறைப்படி பதிவு செய்யும் வாக்குமூலத்தைக் கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியும். அதனால் ரேஞ்சர் ஆபீசுக்கு வரச் சொன்னால் ஸ்டேஷனைவிட அவசரமாக வக்கீல் தேவை.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது அடித்தார்களா என்று கேட்பார். அடித்திருந்தால் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு சொன்னால் "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி வரும். அந்த நேரத்தில் சொந்த வக்கீல் இல்லை என்றால் இலவச வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள், காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அது கிடைக்கும்.

ஜாமீன்

60 நாள், 90 நாள் கணக்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆள் ஜெயிலில் இருக்கும்போது 60 நாளுக்குள் (பத்து வருஷமோ அதற்கு மேலோ, ஆயுளோ, தூக்கோ உள்ள குற்றம் என்றால் 90 நாளுக்குள்) போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். அதனால் நாள் முடிந்த மறுநாள் காலையிலேயே மனு கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று வக்கீலிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஜாமீன் உத்தரவு வந்தாலும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரிஜினல் வேண்டும். மனுப் போட்ட அன்றே இவற்றைத் தயார் செய்ய ஆரம்பியுங்கள். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். வெளியே வந்த பிறகு கண்டிஷன் கையெழுத்தை (ஜாமீன் நிபந்தனைப்படி போட வேண்டிய கையெழுத்தை) ஒரு நாளும் விடாதீர்கள், உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சீட்டோடு வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

வக்கீல் வேண்டாத இடம், வேண்டியே ஆக வேண்டிய இடம்

ஹெல்மெட் அபராதம், தொலைந்த சான்றிதழுக்குப் புகார், பக்கத்து வீட்டு மேல் சாதாரண மனு, இதற்கெல்லாம் வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தொப்பூர் கணவாயில் வண்டி மோதி யாராவது இறந்துவிட்டால் டிரைவர் மேல் வரும் 106(1) ஜாமீனில் விடக்கூடியதுதான், ஆனாலும் வண்டியை மீட்கவும் பின்னால் விசாரணைக்கும் வக்கீல் வேண்டும்.

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) என்றால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள். நம் மாவட்டங்களில் இது எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 17 வயதில் கல்யாணம் செய்து வைக்கிறார்கள், பிரசவத்துக்கு ஜி.எச். போனதும் ஆதாரில் வயதைப் பார்த்து மகளிர் ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது. தகவல் சொல்லாவிட்டால் டாக்டர் மேலேயே வழக்கு வரும். "ரெண்டு குடும்பமும் சம்மதம்தானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. கர்ப்பமாக்கியிருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 20 வருஷம், கல்யாணம் செய்து வைத்த பெற்றோர் மேல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தனி. கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் யாராவது குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்திருந்தால் அந்தப் பெண் பிள்ளையும் பையனும் இரண்டு பேரும் தப்பித்திருப்பார்கள்.

இன்னொன்று, கோர்ட்டில் "ஒத்துக்கொண்டால் அபராதம்தான், கட்டிவிட்டுப் போகலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனை. வீட்டில் போலீஸ் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் நம் பக்கம் எத்தனை பேர்! அந்த வேலைக்குச் சந்தேகத்தின் பலனில் விடுதலையானதே தடையாகிறது. அரசு வேலை, பாஸ்போர்ட் என்று ஏதாவது திட்டம் இருக்கிற இளைஞர் மேல் சின்ன வழக்கு வந்தாலும் வக்கீல் வைத்து முறையாக நடத்துங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கிறவர் மேல் அங்கே வழக்குப் போட்டிருந்தால் அத்திப்பள்ளி தாண்டி வந்துவிட்டதால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வழக்கு கர்நாடகக் கோர்ட்டில்தான் நடக்கும், கன்னடம் படிக்கத் தெரிந்த அந்த ஊர் வக்கீல் வேண்டும். அதுவரைக்கும் இங்கிருந்தே குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் கேட்க முடியும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலிடம் என்ன கேட்பது

வழக்கு எந்தக் கோர்ட்டோ அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிறவரைப் பாருங்கள். பென்னாகரம் வழக்குக்கு ஓசூரிலிருந்து ஆள் கூட்டி வந்தால் வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவும் உங்கள் தலையில். பீஸ் எதற்கு என்று தெளிவாகக் கேளுங்கள்: ஜாமீனுக்கு மட்டுமா, விசாரணை முடியும் வரைக்குமா, டைப்பிங், குமாஸ்தா செலவு தனியா. கொடுத்ததை எழுதி வாங்குங்கள். விடுதலை நிச்சயம் என்று உத்தரவாதம் தருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், ஜட்ஜுக்குக் கொடுக்க வேண்டும் என்று பணம் கேட்பவரிடமிருந்து ஓடியே வந்துவிடுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பத்திரத்தில் வேண்டாம். வக்கீலிடம் மட்டும் ஒன்றையும் மறைக்காதீர்கள், நீங்கள் அடித்திருந்தால் அடித்தேன் என்றே சொல்லுங்கள், அவர் அதை வெளியே சொல்ல மாட்டார்.

வழக்கு எண் விழுந்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு வாய்தா தேதியை நீங்களே பாருங்கள், அது இலவசம். தேதி தெரியாமல் தவறவிட்டால் பிடிவாரண்ட் வரும். வந்துவிட்டால் போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்காமல் வக்கீலோடு போய் வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனுப் போடுங்கள்.

வழக்கு நடக்கும்போது புகார் கொடுத்தவர் வீட்டுப் பக்கம் போகாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சவால் விடாதீர்கள், போனில் இருக்கிற எதையும் அழிக்காதீர்கள், அழித்தால் தடயத்தை மறைத்ததாக இன்னொரு பிரிவு சேரும்.

பணம் இல்லை என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் மாவட்ட நீதிமன்றத்தோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது, தாலுகா கோர்ட்டுகளில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே வக்கீல் கிடைப்பார், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஆதார், எஃப்.ஐ.ஆர். அல்லது சம்மன் நகல், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, இவற்றை எடுத்துக்கொண்டு நேரில் போய் மனு எழுதிக் கொடுங்கள். நேரில் போக முடியாத அவசரம் என்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள்.